ஆயுத பூஜையன்று நான் சொன்ன ரீடிங்

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் எங்கள் தொழிற்சாலைக்குள் பிள்ளைகள் வரலாம். ஆயுத பூஜை அன்று. முந்தின நாள் மதியமே மெஷின்களை நிறுத்திவிட்டு, தரையில் படிந்த ஆயிலை மரத்தூள் போட்டுத் துடைத்து எடுப்போம். காலையில் போய்ப் பார்த்தால் லேத்துகளுக்கெல்லாம் வாழைக்கன்று, சாமந்தி மாலை, திருநீற்றுப் பட்டை. ஆயில் வாடையும் சாம்பிராணிப் புகையும் கலந்து தொண்டையைக் கமறும். ஆனாலும் பிடிக்கும்.

நான் குவாலிட்டி பிரிவு. எனக்கு மெஷின் கிடையாது, மேஜைதான். வெள்ளைத் துணி விரித்து மைக்ரோமீட்டர், வெர்னியர், கேஜ் என்று அளக்கிற கருவிகள் எல்லாவற்றையும் வரிசையாக வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டுக்கொண்டிருந்தேன். என் மகள் சிந்து பக்கத்தில் நின்று பார்த்தாள். அப்போது அவளுக்குப் பத்து வயது இருக்கும். தோள்பையைத் திறந்து, ரத்தத்தில் சர்க்கரை பார்க்கும் தன் மீட்டரை எடுத்து மைக்ரோமீட்டருக்குப் பக்கத்தில் வைத்தாள்.

“இதுக்கும் வைப்பா. இதுவும் அளக்கறதுதான.”

வைத்தேன். பெருமை தாங்கவில்லை எனக்கு. பக்கத்து லைன் ஆட்களையெல்லாம் கூப்பிட்டுக் காட்டினேன். அன்று நான் பெருமைப்பட்டது அதற்கு மட்டும்தான்.

கம்பெனி பஸ்ஸில் தூங்கிக்கொண்டே ஓசூரைத் தாண்டிக் கர்நாடகாவுக்குப் போய்விட்ட கதையை இந்தத் தொடரில் எழுதியபோது, “உங்களுக்கு எல்லாமே வேடிக்கைதானா?” என்று ஒரு வாசகி கேட்டிருந்தார். இல்லைங்க. இந்த அத்தியாயத்தைப் பல வாரங்களாகத் தள்ளிப்போட்டு, அந்த இடத்தில்தான் பஸ் கதை, கேன்டீன் கதை எல்லாம் எழுதினேன். இன்றைக்கு வேறு கதை மிச்சமில்லை.

மூன்று மொழியில் பாவம்

சிந்துவுக்கு முதல் வகைச் சர்க்கரை நோய். ஒன்றாம் வகுப்பு முடிகிற சமயத்தில் வந்தது. உடம்பில் இன்சுலின் சுரக்காது. ஒவ்வொரு சாப்பாட்டுக்கு முன்னாலும் விரலில் குத்திச் சர்க்கரை பார்த்து, அந்த எண்ணுக்குத் தக்கபடி ஊசி போட வேண்டும். ஆயுசுக்கும். சர்க்கரை ஏறினால் மெல்ல மெல்லக் கெடுக்கும். சட்டென்று இறங்கினால் வியர்க்கும், கை நடுங்கும், சில பிள்ளைகளுக்குக் கண்மண் தெரியாமல் கோபம் வரும் என்று டாக்டர் சொன்னார்.

அந்தக் கடைசி வாக்கியத்தை நான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.

ஏனென்றால் சிந்துவுக்குக் கோபம் நிறைய வந்தது. சோற்றுத் தட்டை எறிவாள். பள்ளியில் ஒரு டீச்சரின் கையைக் கடித்துவிட்டாள். பாகலூரில் என் மச்சான் வீட்டுக்குப் போனால் அங்கிருக்கும் பையனின் சைக்கிளை எட்டி உதைத்துச் செடிப் பாத்திக்குள் தள்ளுவாள். ஒவ்வொரு முறையும் நான் ஓடிப்போய் விரலைக் குத்துவேன். “லோவா இருக்கும், லோவா இருக்கும்” என்று சொல்லிக்கொண்டே குத்துவேன். சில நேரம் உண்மையிலேயே குறைந்திருக்கும். பல நேரம் இருக்காது. இல்லாதபோது, “இப்பதான் ஏறியிருக்கும்” என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன்.

எங்கள் தொழிலில் டீவியேஷன் என்று ஒன்று உண்டு. ஒரு பாகம் குறித்த அளவுக்குக் கொஞ்சம் வெளியே போய்விட்டால் சட்டப்படி அது ரிஜெக்ட், சிவப்புப் பெட்டிக்குப் போக வேண்டும். ஆனால் அவசரமாக லாரி நிற்கும். அப்போது வாங்குகிறவரிடம் கெஞ்சிக் கூத்தாடி, “இந்த ஒரு தடவை இப்படியே எடுத்துக்குங்க” என்று அனுமதி வாங்குவோம். அதுதான் டீவியேஷன். என் மகளுக்காக ஊரெல்லாம் போய் நான் டீவியேஷன் கேட்டுக்கொண்டிருந்தேன். டீச்சரிடம், மச்சானிடம், தெருவில் எல்லோரிடமும். யாரும் மறுத்ததில்லை.

மாடிவீட்டுக் கன்னடக்கார அம்மா சிந்துவைப் பார்த்தாலே “பாப, மகு” என்பார், பாவம் குழந்தை என்று. என் மனைவி ரேணுகாவின் சொந்தக்காரர்கள் தெலுங்கில் “பாபம்” என்பார்கள். தேன்கனிக்கோட்டைப் பக்கம் என் ஆட்கள் “பாவம், பொட்டப்புள்ள” என்று இன்னும் ஒரு சொல் கூட்டிச் சொல்வார்கள். மூன்று மொழிக்கும் சிந்துவின் முகம் ஒரே மாதிரி இறுகும். அதை நான் பார்த்திருக்கிறேன். அதற்கும் விரலைத்தான் குத்தினேன்.

ரேணுகா மட்டும் அவ்வப்போது கேட்பாள். “ஏங்க, அவளுக்குச் சும்மா கோவமே வராதா? நமக்கெல்லாம் வருதில்ல?”

“உனக்கு ஒண்ணும் தெரியாது, பேசாம இரு” என்பேன். எனக்குக் கோபம் வந்தால் யாரும் என் விரலைக் குத்துவதில்லை.

பொரியும் லட்டும்

பூஜை முடிந்து பூசணிக்காய் உடைத்தாயிற்று. பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து ஆளுக்கொரு எவர்சில்வர் தட்டில் பொரி, கடலை, ஒரு லட்டு கொடுத்தார்கள். எங்கள் பிரிவுக்கு மேலதிகாரி வெங்கடேஷ் சார். கிருஷ்ணகிரிக்காரர். ஒரு மைக்ரான் கூடினாலும் விடமாட்டார். ஆனால் நல்ல மனிதர். அவர் மகள் நிவேதா, சிந்துவைவிட ஒரு வயது பெரியவள், சிந்துவுக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள்.

நிவேதாதான் சொன்னாள். நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள். “யாரும் சிந்து முன்னாடி லட்டு திங்காதீங்க. அவளுக்குச் சுகர், பாவம். எல்லாரும் எடுத்துப் பைக்குள்ள வெச்சுக்கங்க.”

பிள்ளைகள் சொன்ன பேச்சைக் கேட்டார்கள். ஒவ்வொருவராக லட்டை எடுத்துக் கைக்குட்டையிலும் சட்டைப் பையிலும் ஒளித்துவைத்தார்கள். சிந்துவின் தட்டில் மட்டும் லட்டு அப்படியே இருந்தது.

அவள் தட்டைத் தூக்கி நிவேதாவின் வாயில் அடித்தாள்.

பொரி பறந்து லேத் மேலெல்லாம் விழுந்தது. நிவேதாவின் மேலுதடு கிழிந்து ரத்தம் வழிந்து, புதுப் பாவாடையில் சொட்டியது. பிறகு எனக்குப் பின்னால் ஒரு பெண்மணி, யார் என்று நான் திரும்பிப் பார்க்கவில்லை, “என்ன வளர்ப்போ” என்றார். மெதுவாகக்கூடச் சொல்லவில்லை.

எனக்குக் காது சூடாகிவிட்டது. நாற்பது ஐம்பது பேர். எல்லோரும் தினமும் என் முகத்தில் முழிக்கிறவர்கள். நான் மேஜைக்குப் போய், சந்தனப் பொட்டோடு இருந்த மீட்டரை எடுத்துவந்து சிந்துவின் முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். விரலைப் பிடித்துக் குத்தினேன். திரையில் எண் வந்தது.

நூற்று முப்பத்தெட்டு. ஒரு குறையும் சொல்ல முடியாத எண். என் மகள் நன்றாக இருந்தாள்.

நான் கட்டைவிரலால் திரையை மூடிக்கொண்டு உரக்கச் சொன்னேன். “அம்பத்தெட்டு. லோ ஆயிருச்சு சார். அதான் இப்படி.”

சிந்து எண்ணைப் பார்த்துவிட்டிருந்தாள். என் கட்டைவிரலைப் பார்த்தாள். பிறகு என் முகத்தைப் பார்த்தாள்.

கூட்டம் அப்படியே மாறிவிட்டது. “அடடா”, “புள்ளைக்குத் தண்ணி குடுங்க”, “எதாச்சும் இனிப்பா குடுங்க” என்று ஆளாளுக்குப் பரபரத்தார்கள். வளர்ப்பைப் பற்றிப் பேசிய பெண்மணியே வந்து விசிறினார், குரலை வைத்துத் தெரிந்துகொண்டேன். நிவேதா ஒரு கையால் உதட்டில் பஞ்சை அழுத்திக்கொண்டு, இன்னொரு கையில் மாம்பழ ஜூஸ் டப்பாவோடு வந்தாள். ஸ்ட்ராவைக் குத்தி அவளே நீட்டினாள்.

ஜூஸ் தேவையே இல்லை. அது எனக்கும் சிந்துவுக்கும் தெரியும். வேண்டாம் என்று சொன்னால் நான் சொன்ன எண் பொய்யாகிவிடும்.

“குடி கண்ணு” என்றேன்.

குடித்தாள். கடைசிச் சொட்டு வரைக்கும் என் முகத்திலிருந்து கண்ணை எடுக்காமல் குடித்தாள்.

வண்டி நிறுத்துமிடத்தில்

கொஞ்ச நேரம் கழித்து, பைக்குகளுக்கு நடுவில் அவளை நிறுத்தி யாருக்கும் தெரியாமல் மறுபடி பார்த்தேன். ஜூஸ் தன் வேலையைச் செய்திருந்தது. ஏறியதைச் சரிக்கட்ட ஒரு ஊசி போட்டேன். தேவையில்லாத ஜூஸுக்குத் தேவையில்லாத ஊசி. பத்து வயதுப் பிள்ளையின் தொடையில்.

“நான் வேணும்னுதான் அடிச்சேன்பா” என்றாள். “சுகர் அடிக்கல.”

“சரி, வாய மூடு. அம்மா வர்றா.”

ரேணுகா வந்தாள். “நெசமாவே லோவாங்க?” என்று கேட்டாள். ஆமாம் என்றேன். உள்ளே ஐம்பது பேருக்குச் சொன்னதைவிட அவளிடம் சொல்வது சுலபமாக இருந்தது.

ஒன்று சொல்ல வேண்டும். எங்கள் தொழிற்சாலையில் என் சர்வீஸ் முழுக்க நான் ஒரு ரீடிங்கை மாற்றிச் சொன்னதில்லை. லாரி நின்றாலும் சரி, மேலிருந்து போன் வந்தாலும் சரி. புதிதாகச் சேர்ந்த ஒரு பையன் சோம்பல்பட்டு அளக்காமலே அளவு சொன்னான் என்று அவனை எல்லோர் முன்னாலும் கிழித்திருக்கிறேன். “இரும்புதானேன்னு நெனச்சியா? அது ஒருத்தன் வண்டில பிரேக்ல போய் உக்காருது” என்று கத்தினேன். அப்பேர்ப்பட்ட யோக்கியன்.

நல்ல ரீடிங்குகள்

எங்கள் லைனில் ஒரு வழக்கம். ஒருத்தர் அளந்து எண்ணை உரக்கச் சொல்வார். இன்னொருத்தர் அதைக் கேட்டு வேலையை நடத்துவார். இரண்டு பேரும் குனிந்து பார்த்துக்கொண்டிருந்தால் வேலை ஓடாது. இதையே நான் வீட்டுக்கும் கொண்டுவந்திருந்தேன். சிந்து கூடத்தில் உட்கார்ந்து தானே குத்தி எண்ணைச் சொல்வாள். நான் உள்ளே இருந்து கேட்டு, பேனா மாதிரியே இருக்கும் இன்சுலின் ஊசியில் அந்த எண்ணுக்கான மருந்தளவைத் திருப்பிக்கொண்டு வருவேன். டாக்டரிடம்கூட இதைச் சொல்லிப் பெருமை அடித்திருக்கிறேன். “கொஞ்ச நாளைக்கு நீங்களும் கூடப் பாருங்க” என்று அவர் சொன்னது என் காதில் ஏறவில்லை.

அந்த ஆயுத பூஜைக்குப் பிறகு சிந்து அடங்கிவிட்டாள். தட்டை எறியவில்லை, யாரையும் கடிக்கவில்லை. ரீடிங்கும் அருமையாக வந்தது. “நூத்தி இருவது.” “நூத்திப் பத்து.” “நூத்தி முப்பது.” பிள்ளை பொறுப்பாகிவிட்டாள் என்று வெங்கடேஷ் சாரிடம் டீ குடிக்கும்போது சொன்னேன். அவரும் சந்தோஷப்பட்டார்.

ரேணுகாதான் மூக்கைச் சுருக்கினாள். “தண்ணி பாட்டில் ரொப்ப ரொப்பக் காலியாவுது. யூனிபார்ம் பாவாட இடுப்புல நிக்க மாட்டேங்குது. எனக்கென்னமோ சரியாப் படலங்க.”

“நம்பர் நல்லா இருக்குதே” என்றேன்.

பிள்ளை கண்ணெதிரே வற்றிக்கொண்டிருந்தாள். நான் எண்ணைக் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அந்த வருடப் பனிக்காலத்தில் அவளுக்குக் காய்ச்சல் வந்தது. காலையில் வாந்தி. மதியத்துக்குள் மூச்சு இழுத்து இழுத்து விட ஆரம்பித்தாள். வாயிலிருந்து அழுகின பழ வாடை வந்தது. இன்சுலின் போதாமல் ரத்தமே விஷமாகிறது என்று அதற்கு அர்த்தம், எனக்குச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். மீட்டரில் எண்ணே வரவில்லை, அளவுக்கு மீறிவிட்டது என்று மட்டும் காட்டியது. தீவிர சிகிச்சைப் பிரிவில் போட்டுக் குழாய் குழாயாக ஏற்றினார்கள். கண்ணாடிக் கதவுக்கு வெளியே ரேணுகா தரையில் உட்கார்ந்திருந்தாள். என் பக்கம் திரும்பவே இல்லை.

பிழைத்துக்கொண்டாள். பேசுகிற அளவுக்குத் தேறிய பிறகு டாக்டரம்மா கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து கேட்டார். “சிந்து, அப்பா சொல்ற நம்பரெல்லாம் பாத்தா ஒனக்கு இப்படி ஆவ சான்ஸே இல்ல. நம்பர மாத்திச் சொன்னியாம்மா?”

“ம்.”

“ஏன்?”

“நல்ல நம்பர் சொன்னா யாரும் ஒண்ணும் கேக்கறதில்ல.” பிறகு என் பக்கம் பார்க்காமல் சொன்னாள். “எங்கப்பாவும் மாத்திதான் சொன்னாரு. ஆயுத பூஜைல. நூத்தி முப்பத்தெட்டு இருந்துச்சு. அம்பத்தெட்டுன்னாரு. எல்லாரும் நம்புனாங்க.”

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். நர்ஸ் பார்த்தார். ரேணுகா பார்த்தாள். நான் என் செருப்பைப் பார்த்துக்கொண்டு நின்றேன். வெளியே நடந்தபோது ரேணுகா ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

“எங்கிட்டயுமா?”

உட்காரச் சொல்லவில்லை

வீட்டுக்கு வந்து தேறியதும் சிந்துவிடம், “அப்பா என்ன பண்ணட்டும் சொல்லு” என்றேன். புதுச் சைக்கிள் கேட்பாள் என்று நினைத்தேன். அப்படி நினைத்ததற்கும் இப்போது கூசுகிறது.

“நிவேதாகிட்ட சொல்லு” என்றாள். “லோ இல்லன்னு.”

ராயக்கோட்டை ரோட்டில் வெங்கடேஷ் சார் வீடு. அவளைப் பைக்கில் வைத்துக்கொண்டு போனேன். சார் வாசலிலேயே, “வாடா கோவிந்து, வா கண்ணு, ஒடம்பு எப்படி இருக்குது” என்றார். நான் உள்ளே போகவில்லை. நின்றுகொண்டே ஆரம்பித்தேன்.

“சார், நிவேதாவ அடிச்சது...”

“அட விடுடா. ஒடம்பு முடியாத புள்ள. நாங்க அன்னைக்கே மறந்துட்டோம்.”

“இல்ல சார். அன்னைக்கு லோ இல்ல. ரீடிங் நூத்தி முப்பத்தெட்டு. நான்தான் மாத்திச் சொன்னேன்.”

அதுவரை அவர் முகத்தில் இருந்த சிரிப்பு நின்றது. மகள் உதடு கிழிந்தபோதுகூட அவர் முகம் அப்படி மாறவில்லை.

“ரீடிங்க மாத்துனியா?”

“ஆமா சார்.”

அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. அளக்காமல் அளவு சொன்ன அந்தப் பையனை நான் எப்படிப் பார்த்தேனோ, அப்படிப் பார்த்தார். இப்போதும் நான் அவருக்குக் கீழேதான் வேலை செய்கிறேன். நல்லபடியாகத்தான் பேசுவார். ஆனால் நான் கையெழுத்துப் போட்டு அனுப்பும் பாகங்களில் ஒன்றிரண்டை எடுத்து அவர் மறுபடி அளப்பதை நான் பார்த்திருக்கிறேன். முன்பு அளந்ததில்லை.

பேச்சு கேட்டு நிவேதா வெளியே வந்தாள். மேலுதட்டில் ஒரு வெள்ளைக் கோடு இருந்தது. “அப்ப வேணும்னே அடிச்சியா?” என்று சிந்துவைக் கேட்டாள்.

“ஆமா.”

“நான் ஒனக்கு என்ன பண்ணேன்?”

“பாவம்னு சொன்ன.”

நிவேதா யோசித்தாள். “அதுக்குத் தட்டால அடிப்பியா? எனக்குத் தையல் போட்டாங்க. மூணு நாள் கஞ்சிதான் குடிச்சேன். நான் ஒனக்கு ஜூஸ் வேற குடுத்தேன்.” அவளுக்குச் சொல்லச் சொல்லக் கோபம் ஏறியது. “இனிமே உங்கூடப் பேச மாட்டேன், போ.”

கதவைச் சாத்திக்கொண்டு உள்ளே போய்விட்டாள். சார் அவளைக் கூப்பிடவில்லை. அது எனக்கு நல்லதாகத் தோன்றியது.

திரும்பும் வழியில் சிந்து என் முதுகில் முகத்தை வைத்து அழுதாள். நடுவில், “ப்பா, அவ எம்மேல கோவமா இருக்கா” என்றாள். நோய் வந்த நாளிலிருந்து அவள்மேல் யாரும் கோபப்பட்டதே இல்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. “பின்ன? கொஞ்சுவாளா?” என்றேன். “இனிமே யார் மேலயாச்சும் கை நீட்டுன, தோல உரிச்சுருவேன்.” அவளை நான் திட்டியது அதுதான் முதல் தடவை. இன்னும் கொஞ்சம் அழுதாள். வண்டியை நிறுத்தவில்லை.

இப்போது

இப்போதும் கோபம் வருகிறது அவளுக்கு. வந்தால் முதலில் விரலைக் குத்திப் பார்ப்போம். அது டாக்டர் சொன்னது, தவறக்கூடாது. எண் சரியாக இருந்தால் மற்ற பிள்ளைகளைப்போலத் திட்டு வாங்குவாள். ரேணுகா என்னைவிட நன்றாகத் திட்டுகிறாள். என்னையும் சேர்த்து.

போன வாரம் கூடத்திலிருந்து சிந்துவின் குரல் வந்தது. “ப்பா, இருநூத்தி எழுவது.”

கெட்ட எண். பள்ளியில் யாருடைய பிறந்தநாளுக்கோ கேக் தின்றிருக்கிறாள். மறைக்காமல் சொல்கிறாள். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே ஊசிப் பேனாவைத் திருப்பியிருக்கலாம். முடியவில்லை. கால் தானாக எழுந்தது. கூடத்துக்குப் போய், குனிந்து, மீட்டரின் திரையைப் பார்த்தேன். இருநூற்று எழுபதுதான் இருந்தது.

நிமிர்ந்தால், அவள் என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கோபமாகக்கூட இல்லை.

“நான் சொன்னா நீ எந்திரிச்சு வந்து பாக்கற” என்றாள். “நீ சொல்றத நான் எங்க போய்ப் பாக்கறதுப்பா?”

ஊசிப் பேனாவில் அளவைத் திருப்பி, வாயால் சொல்லாமல், அவள் கையில் கொடுத்தேன். வெளிச்சத்துக்குத் தூக்கிப் பிடித்துப் பார்த்தாள். ஆடிட்டுக்கு வந்த எந்த ஆளும் என் அளவை அவ்வளவு நேரம் பார்த்ததில்லை.